பெருமாளுக்குக் குளிரும்

தன்னையே காப்பாற்றிக்கொள்ள முடியாத சாமி உன்னை எப்படிக் காப்பாற்றும் என்ற கேள்வி, தமிழ்நாட்டில் வளர்ந்த எவர் காதிலும் ஒருமுறையாவது விழுந்திருக்கும். சிலை களவுபோன செய்தி வரும்போது எழும். கோயில் நகைக்குப் பூட்டும் காவலும் போடும்போது எழும். பகுத்தறிவு மேடைகள் இந்த மண்ணுக்குக் கொடுத்த கூர்மையான கேள்விகளில் அதுவும் ஒன்று. நான் அதை மதிக்கிறேன். மதிப்பதால்தான் எல்லாம் அவன் திருவிளையாடல் என்று சொல்லி அதைக் கடந்துபோக மனம் ஒப்பவில்லை.

ஸ்ரீவைஷ்ணவ மரபுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் இந்தக் கேள்வி புதிதாகத் தெரிவதில்லை. பெருமாளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பதற்றத்தை ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அந்த மரபு தன் நெஞ்சிலேயே வைத்திருக்கிறது. அதை அவர்கள் தர்க்கமாக்கி விவாதிக்கவில்லை. தினசரி வேலையாக எடுத்துக்கொண்டார்கள். விடியற்காலையில் எழுப்புவது, நீராட்டுவது, உடுத்துவது, அமுது செய்விப்பது, வெயிலில் குடை பிடிப்பது, பனியில் போர்த்துவது, இரவில் தாலாட்டுவது. கைங்கர்யம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்தக் கவலையின் செயல்வடிவம்தான்.

பெரியாழ்வாரின் கதை தெரிந்ததுதான். மதுரையில் பாண்டியன் அவையில் பரம்பொருள் எது என்று நிறுவிப் பொற்கிழியை வென்ற அவரை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விடுகிறார்கள். அதைக் காணக் கருடன்மேல் திருமகளோடு பெருமாளே வானில் வந்து நிற்கிறார். வாழ்நாளெல்லாம் பூத்தொடுத்த ஒரு மனிதருக்கு அந்த நிமிடத்தில் என்ன தோன்ற வேண்டும்? வரம் கேட்கலாம், அழலாம், கைகூப்பி நிற்கலாம். அவருக்கோ பயம் வந்துவிட்டது. இத்தனை அழகை இத்தனை பேர் பார்க்கிறார்களே, கண் பட்டுவிடுமே என்ற பயம். யானையின் மணியையே தாளமாக எடுத்துக்கொண்டு பெருமாளுக்குப் பல்லாண்டு பாடினார் என்கிறது குருபரம்பரை. காலத்தைப் படைத்தவனுக்கு ஆயுசு வேண்டிப் பாடுகிறார்! இதை வியாக்கியானம் செய்த ஆசாரியர்கள் யாரும் இதைப் பேதைமை என்று சொல்லி மன்னிக்கவில்லை. எல்லா ஆழ்வார்களிலும் இவரைப் பெரியவர் ஆக்கியதே இந்தப் பரிவுதான் என்றார்கள். இன்றைக்கும் கோயில்களில் திவ்யப்பிரபந்தம் சேவிக்கத் தொடங்கும்போது முதலில் வருவது அந்தத் திருப்பல்லாண்டு.

குலசேகராழ்வாரைப் பற்றி இன்னும் விநோதமான ஒரு கதை இருக்கிறது. இராமாயணம் சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கிறார் அரசர். கரனுடைய பதினாலாயிரம் அரக்கரை இராமன் தனியாக எதிர்கொள்ளும் இடம் வருகிறது. உடனே எழுந்து, படையைத் திரட்டுங்கள், பெருமாள் தனியாக நிற்கிறார் என்று உத்தரவிட்டாராம். என்றோ முடிந்த போர், வென்றதும் இராமன்தான். அது அவருக்கும் தெரியும். தெரிந்தாலும் தாங்கவில்லை. அறிவு ஒன்று சொல்ல, அன்பு அதைக் கேட்க மறுக்கும் இடங்கள் இவை. இந்த மரபு தன் முதன்மைத் தெய்வத்தை அந்த இடத்தில்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

தத்துவமாகச் சொன்னால் பெருமாளுக்கு ஐந்து நிலைகள். வைகுந்தத்தில் இருக்கும் பரம், பாற்கடலில் இருக்கும் வியூகம், இராமனும் கண்ணனுமாக வந்துபோன விபவம், ஒவ்வோர் உயிருக்குள்ளும் உறையும் அந்தர்யாமி, கோயிலில் நாம் காணும் அர்ச்சை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை ஒரு படிவரிசையாக எண்ணிக்கொண்டு, பரம் உச்சியிலும் கல்லும் செம்புமான அர்ச்சை அடியிலும் இருப்பதாகக் கருதக்கூடும். பிள்ளை லோகாசாரியர் தம் ஸ்ரீவசனபூஷணத்தில் வேறு மாதிரிப் பார்த்தார். தாகத்தில் தவிக்கிற ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல அவர் இந்த ஐந்தையும் தண்ணீராக்கினார். அண்டத்துக்கு வெளியே சூழ்ந்திருக்கும் நீர் பரம். எட்டாத பாற்கடல் வியூகம். ஒரு காலத்தில் பெருக்கெடுத்து ஓடி வற்றிப்போன ஆறு விபவம். மண்ணுக்கடியில் ஊறிக் கிடப்பது அந்தர்யாமி. தோண்டக் கடப்பாரை இல்லாதவனுக்கு அதுவும் உதவாது. அந்த ஆறு வடிந்தபின் பள்ளங்களில் தேங்கி நிற்கும் மடுக்கள்தான் அர்ச்சை. தவித்தவன் குனிந்து குடிக்க முடிகிற ஒரே நீர் அது.

இந்தப் பார்வையின் விளைவு சாதாரணமானதல்ல. தெய்வத்தின் பெருமைகளில் எதை முதலில் வைப்பது என்பதே மாறிவிடுகிறது. எல்லாம் அறிந்தவன், எல்லாம் வல்லவன் என்பவை பின்னால் போகின்றன. கைக்கு எட்டுபவன் என்பது முன்னால் வருகிறது. கைக்கு எட்டும் இடத்துக்கு வந்தவன் கைகளை நம்பித்தான் இருக்க வேண்டும். அர்ச்சகன் எழுப்பினால் எழுந்து, ஊட்டினால் உண்டு, சாற்றினால் உடுத்து, ஏளப்பண்ணினால் புறப்பட்டு வாழ வேண்டும். இவ்வளவு பராதீனமும் அவன் விரும்பி ஏற்றுக்கொண்டது என்பது ஆசாரியர்களின் உறுதியான நிலைப்பாடு. அதனால்தான் ஸ்ரீரங்கத்தை அவர்கள் ஊர்பேர் சொல்லிக்கூடக் குறிப்பதில்லை. கோயில் என்றாலே ஸ்ரீரங்கம்.

அங்கே கருவறையில் ஆதிசேடன்மேல் தெற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருக்கும் பெரிய பெருமாள் சுதையால் ஆனவர். அவருக்குத் தண்ணீரால் திருமஞ்சனம் கிடையாது. ஆனி மாதத்து ஜேஷ்டாபிஷேகத்தை ஒட்டி மூலிகைத் தைலக்காப்புதான். அது உலர்ந்து இறுகும் வரை நாட்கணக்கில் திருவடி சேவையே இருக்காது. உலகைத் தாவி அளந்ததாகப் பாடப்பட்ட திருவடி மேல்பூச்சு காயக் காத்திருக்கிறது. இடம்விட்டு அசையாத அவருக்கு உலா வரும் உருவம் ஒன்று உண்டு. அழகிய மணவாளன் என்பது பழைய பெயர். 1323இல் நடந்தது அவருக்குத்தான்.

அந்த ஆண்டு தில்லி சுல்தானின் மகன் உலூக் கான், பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என்று அறியப்பட்டவர், தெற்கே படை நடத்தி வந்தார். படை ஸ்ரீரங்கத்தை நெருங்குகிறது என்ற செய்தி வந்தபோது கோயிலில் என்ன நடந்தது என்பதைக் கோயிலின் வரலாற்றேடான கோயிலொழுகும் குருபரம்பரைக் கதைகளும் சொல்கின்றன. கருவறை வாசலைக் கல்லால் அடைத்தார்கள். ரங்கநாயகித் தாயாரை வில்வ மரத்தடியில் புதைத்தார்கள். வேதாந்த தேசிகர், சுதர்சன சூரியின் இரண்டு பிள்ளைகளையும் அவர் எழுதிய சுருதப்பிரகாசிகை உரையின் ஏட்டையும் காப்பாற்றிக்கொண்டு பிணங்களுக்கு நடுவே கிடந்து தப்பினார். முதிர்ந்த வயதில் இருந்த பிள்ளை லோகாசாரியர், அழகிய மணவாளனை எடுத்துக்கொண்டு சிறு கூட்டத்தோடு தெற்கே கிளம்பினார்.

இங்கே நான் எப்போதும் நின்றுவிடுகிறேன். மடுவில் தேங்கிய தண்ணீர் என்று எழுதியவர் அவர். பெருமாள் நம் கையில் வந்து அகப்பட்டுக்கொண்டவன் என்று வாழ்நாளெல்லாம் சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அந்தச் சித்தாந்தம் இப்போது எடையாகிவிட்டது. தூக்கிக்கொண்டு இருட்டில் நடக்க வேண்டிய எடை. தத்துவ ஆசிரியர்களில் எத்தனை பேருக்குத் தாம் எழுதியதை இப்படித் தோளில் சுமக்க நேர்ந்திருக்கும்? வழியில் கள்ளர்கள் மறித்துப் பெருமாளின் நகைகளைப் பறித்தபோது, தம்மிடம் மிச்சமிருந்ததையும் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார் என்று சொல்வார்கள். பொன் போகட்டும், திருமேனி பிழைக்கட்டும் என்பது அவர் கணக்கு. மதுரைக்கு அருகே ஆனைமலைப் பக்கத்தில் ஜோதிஷ்குடி எனப்பட்ட ஊரில் அவர் உயிர் பிரிந்தது. இன்று அது கொடிக்குளம். அங்கே வேதநாராயணப் பெருமாள் கோயிலை ஒட்டி அவருடைய நினைவிடமான திருவரசு இருக்கிறது. ஸ்ரீரங்கத்தின் கோபுரங்களைப் பார்க்கப் போகிறவர்களில் பத்தில் ஒருவராவது அங்கேயும் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இந்த மரபின் தெய்வம் எப்படிப்பட்டது என்பதை விளக்க அதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது.

ஆசாரியர் போனபின் மற்றவர்கள் சுமந்தார்கள். அழகர்கோயில், மலைநாடு, மேல்கோட்டை, திருமலை, கடைசியில் செஞ்சிப் பக்கம் என்று அந்தப் பயணம் நீண்டது. திருமலையில் பெருமாள் தங்கிய நினைவாகவே அங்குள்ள ரங்கமண்டபத்துக்கு அந்தப் பெயர் என்பார்கள். கிளம்பிய கூட்டம் வழியெங்கும் தேய்ந்துகொண்டே வந்தது. மலைச்சரிவில் ஒளித்துவைத்துக் காவல் இருந்தவர்களைப் பற்றிக் கோயிலொழுகு பேசுகிறது. பசியும் காட்டு வாழ்க்கையும் அவர்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோயின. இவர்கள் யாரும் நூல் எழுதவில்லை. பல்லாண்டு பாடியவரின் பயத்தை அப்படியே வாழ்ந்து முடித்தவர்கள்.

விஜயநகர அதிகாரி கோபணாரியன் 1371இல் அழகிய மணவாளனைத் திரும்ப எழுந்தருளச் செய்தார். கோயிலில் இருக்கும் கிரந்தக் கல்வெட்டு சக ஆண்டு 1293 என்று அதைப் பதிந்திருக்கிறது; அதிலுள்ள வடமொழிச் சுலோகங்களை வேதாந்த தேசிகர் அருளியதாக மரபு கொள்கிறது. 48 ஆண்டுகள். அதற்குள் ஒரு தலைமுறை மறைந்து அடுத்ததும் நரைத்துவிட்டது. போன பெருமாள் திரும்ப மாட்டார் என்று எண்ணிக் கோயிலில் வேறோர் உற்சவரைப் பிரதிஷ்டை செய்து ஆராதித்துவந்தார்கள். இப்போது இரண்டு பெருமாள்கள். வந்தவர்தான் பழையவர் என்று யார் சொல்வது? பார்த்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை.

தேடிப் பார்த்தபோது ஒரு முதியவர் அகப்பட்டார். பெருமாளின் துணிகளை வெளுத்துவந்த வண்ணார். ஈரங்கொல்லி என்று மரபு அவரை அழைக்கிறது. கண் பார்வை போயிருந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஆனாலும் எனக்குத் தெரியும் என்றார் அவர். திருமஞ்சனம் ஆனதும் பெருமாள் உடுத்திருந்த ஈரவாடையைப் பிழிந்து அந்தத் தீர்த்தத்தைப் பருகுவது அவர் வழக்கம். இரண்டு பேருக்கும் திருமஞ்சனம் நடந்தது. இரண்டு ஈரவாடைத் தீர்த்தமும் அவருக்குக் கொடுக்கப்பட்டது. ஒன்றில் பழைய கஸ்தூரி மணத்தை நாக்கு அடையாளம் கண்டது. இவரே நம் பெருமாள் என்று அவர் வாயிலிருந்து வந்த சொல்லே அன்றிலிருந்து திருநாமமாக நிலைத்தது. நம்பெருமாள் என்றுதான் இன்று எல்லோரும் சொல்கிறோம்.

இதை நினைக்க நினைக்க ஆச்சரியம் கூடுகிறது. ஆகமம் கற்றவர்கள் இருந்தார்கள். வேதம் ஓதினவர்கள் இருந்தார்கள். வென்று வந்த அதிகாரி இருந்தார். தெய்வம் எது என்ற கேள்விக்கு அவர்களில் எவராலும் விடை சொல்ல முடியவில்லை. துணி வெளுத்த ஒருவரின் நாக்கு சொன்னது. நெடுங்காலம் கவலையோடு ஒரு வேலையைச் செய்தவர் உடம்பில் தங்கும் அறிவு அது. இந்த நிகழ்வை வரலாற்று ஆசிரியர்கள் எந்த அளவுக்கு ஏற்பார்கள் என்பது தனி விஷயம். மரபு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளத் தேர்ந்தெடுத்த கதை இது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. சாட்சியாக ஒரு பண்டிதரை வைத்துக் கதை சொல்லியிருக்க முடியும். அப்படிச் சொல்லவில்லை.

தோற்ற பெருமாள் என்ன ஆனார்? பலர் இதைக் கேட்பதில்லை. அந்த 48 ஆண்டுகளில் ஒரு பகுதி முழுக்க ஊரின் வேண்டுதலைக் கேட்டவர் அவர். போலி என்று யாரும் அவரை ஒதுக்கவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற திருநாமத்தோடு நம்பெருமாளுக்கு அருகிலேயே எழுந்தருளியிருக்கிறார். யாகசாலைக்குப் புறப்படுவது அவர். உண்மையைக் கண்டுபிடித்த பிறகும் இன்னொன்றைப் பொய்யாக்காமல் இருக்க முடிந்திருக்கிறது. தெய்வ வரலாறுகளில் இது அடிக்கடி நடப்பதில்லை.

படையெடுப்புக் காலங்களைச் சுற்றி எழுந்த இன்னொரு கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெருமாள் திருமேனி தில்லிக்குப் போய், சுல்தானின் மகள் அதை விளையாட்டுப் பொம்மையாக வைத்துக்கொண்டு, பிறகு பிரிய முடியாத காதலில் விழுகிறாள். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பாடியும் ஆடியும் சுல்தானை மகிழ்வித்துப் பெருமாளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வருகிறார்கள். அவள் பின்தொடர்ந்து வந்து திருவரங்கத்தில் உயிரை விடுகிறாள். அவளும் துலுக்க நாச்சியார் ஆனாள். அர்ச்சுன மண்டபத்தில் அவளுக்கு இடம் உண்டு. திருமேனியாக இல்லை, சித்திரமாக. அவளுக்காகவே நம்பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கிறார்கள். கைலி உடுத்தித் திருமஞ்சனம் கண்டருளும் வழக்கமும் இருக்கிறது. மேல்கோட்டைச் செல்வப்பிள்ளைக்கும் பீபி நாச்சியாரைப் பற்றி இதே போன்ற கதை உண்டு. சூறையாடிய படையின் வீட்டுப் பெண்ணைத் தங்கள் பெருமாளின் நாச்சியாராக ஏற்றுக்கொள்ள, அடிபட்ட ஊருக்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டியிருந்திருக்கும்! வரலாற்றைக் காட்டி வன்மம் வளர்ப்பவர்கள் பெருகிவரும் இந்நாளில் அந்த ரொட்டியின் அருமையை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாயாரைப் பற்றிச் சொல்லாமல் இந்த மரபின் தெய்வங்களைப் பற்றிப் பேச முடியாது. திரு இல்லாமல் திருமால் இல்லை. ரங்கநாயகித் தாயார் படிதாண்டாப் பத்தினி. அவருடைய புறப்பாடெல்லாம் தம் சந்நிதி எல்லைக்குள்தான். கருவறையில் உற்சவருக்குப் பின்னால் இரண்டு மூலவர்கள் இருக்கிறார்கள். புதைத்து வைத்த தாயார் கிடைக்காமல் புதிதாக ஒருவரைப் பிரதிஷ்டை செய்தபின் பழையவர் வெளிப்பட்டார் என்று காரணம் சொல்வார்கள். அங்கும் ஒருவரையும் விலக்கவில்லை. மோட்சத்துக்குத் தாயாரும் உபாயமா, அல்லது பரிந்துரைக்கும் புருஷகாரம் மட்டுமா என்பதில் வடகலையும் தென்கலையும் நூற்றாண்டுகளாக வாதிடுகின்றன. நுட்பமான வாதங்கள்தான். திருமண்காப்பின் வடிவத்துக்காக நீதிமன்றம் வரை போன சண்டைகளை என்னால் அதே மரியாதையோடு பார்க்க முடியவில்லை.

அந்த வாதங்களைவிடப் பங்குனி உத்திரம் எனக்கு அதிகம் சொல்கிறது. பங்குனித் திருநாளில் நம்பெருமாள் உறையூர் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு திரும்புகிறார். மோதிரத்தைத் தொலைத்துவிட்டார். தாயார் கதவைச் சாத்திக்கொள்கிறார். பெருமாள் வெளியே நின்று மன்றாட வேண்டியிருக்கிறது. பூப்பந்தும் பழமும் எறிபடுகின்றன. கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்து வைக்கிறார். அதன்பிறகுதான் ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் சேர்த்தி. உலகத்தைக் காப்பவருக்கு வீட்டுக் கதவு திறக்க ஒரு வேளாளக் கவியின் சிபாரிசு தேவைப்படுகிறது. அப்படியொரு பங்குனி உத்திரத்தன்று அந்தச் சேர்த்தியின் முன் நின்றுதான் இராமானுஜர் சரணாகதி கத்யத்தை விண்ணப்பித்தார். பிணக்கு தீர்ந்து இருவரும் ஒன்றாக இருக்கும் நேரம் பார்த்து ஒரு பெரியவர் ஊருக்காக மன்னிப்புக் கேட்கிறார். குடும்பம் நடத்தியவர்களுக்கு அந்த நேரத்தின் அருமை தெரியும்.

நம்மாழ்வாரும் தெய்வம்தான். சந்நிதியில் நம் தலைமேல் வைக்கும் சடாரி, பெருமாளின் திருவடி. அதற்குப் பெயர் சடகோபன், அதாவது நம்மாழ்வார். நம்மாழ்வார் சந்நிதியிலேயே அதற்கு இராமானுஜம் என்று பெயர். இராமானுஜர் சந்நிதிக்குப் போனால் முதலியாண்டான். யாருடைய பாதம் யார் என்று கேட்டுக்கொண்டே போகலாம், முடிவே இராது. பெருமாளும் இந்தச் சங்கிலிக்கு வெளியே இல்லை. மணவாள மாமுனிகள் கருட மண்டபத்தில் ஓராண்டுக் காலம் திருவாய்மொழிக்கு ஈடு என்ற உரையின் பொருளைச் சொல்ல, நம்பெருமாள் உற்சவங்களையெல்லாம் நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்டார் என்கிறார்கள். முடிந்த அன்று ஒரு சிறுவனாக வந்து, மாமுனிகளைத் தம் ஆசாரியராக ஏற்று ஒரு தனியன் சொல்லிவிட்டு மறைந்தார். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய தெய்வம்! அதுவும் தன்னைப் பற்றியே.

இத்தனை நெகிழ்வுக்கு நடுவில் ஒரு கல் கிடக்கிறது. திருப்பாணாழ்வார் காவிரிக்கரையில் தன்னை மறந்து நின்று பாடிக்கொண்டிருந்தார். திருமஞ்சனத்துக்குத் தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர் விலகச் சொன்னார். அவர் காதில் விழவில்லை. கல்லை எடுத்து எறிந்தார். பாணரின் நெற்றியில் ரத்தம். கோயிலுக்குத் திரும்பிப் பார்த்தால் பெருமாளின் நெற்றியிலும் ரத்தம். அன்றிரவு பெருமாள் ஆணைப்படி மறுநாள் அவரைத் தோளில் சுமந்து உள்ளே கொண்டுவந்தவரும் லோகசாரங்கரே.

கல் எறிந்தவர் கெட்டவர் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பெருமாளுக்கான தண்ணீர் தீட்டுப்பட்டுவிடக் கூடாதே என்று பதறியவர். அதுவும் பரிவுதான். பெருமாளுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்ற கவலையே ஒரு மனிதர்மேல் கல்லாகப் போய் விழ முடியும் என்பதை இந்த மரபு மறைக்காமல் தன் கதைகளிலேயே எழுதிவைத்தது. எழுதிவைத்ததைப் படித்தவர்கள் அப்படியே நடந்துகொள்ளவில்லை. பாணரின் பாசுரங்களை நித்தம் சேவித்தபடியே பாணரின் சனங்களை மதிலுக்கு வெளியே நிறுத்தினார்கள். சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் வர வேண்டியிருந்தது. வண்ணாரின் நாவால் அடையாளம் காணப்பட்ட பெருமாளைச் சேவிக்க வண்ணாரின் பேரர்களுக்கு அரசாங்க உத்தரவு தேவைப்பட்டதை என்ன சொல்ல? காக்கப்பட வேண்டிய தெய்வம் என்ற எண்ணம் எவ்வளவு அழகானதோ, யாரிடமிருந்து காப்பது என்று கேட்கத் தொடங்கும்போது அவ்வளவு ஆபத்தானதாகிவிடுகிறது.

கார்த்திகை வளர்பிறை ஏகாதசி இரவில் ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாற்றுகிறார்கள். ஆண்டு முழுக்க ஒரு நாள்கூடக் குளிர் தாக்கக் கூடாது என்பதுபோல, ஒன்றன்மேல் ஒன்றாக. அன்றிரவு பட்டர் கைசிக புராணம் வாசிக்கிறார். அது நம்பாடுவான் கதை. திருக்குறுங்குடி நம்பிக்குப் பண் பாடுவதையே விரதமாகக் கொண்ட பாணர் அவர். ஏகாதசி இரவில் பாடப் போகும் வழியில் ஒரு பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன், பிறகு தின்றுகொள் என்று சத்தியம் செய்து கொடுத்துப் போகிறார். பாடி முடித்துச் சொன்னபடியே திரும்புகிறார். முதியவர் வேடத்தில் பெருமாளே வந்து வேறு வழியாகத் தப்பிப் போ என்று சொல்லியும் கேட்கவில்லை. அவருடைய வாய்மையைக் கண்டு ராட்சசனுக்குப் பசி போய்விடுகிறது. உன் பாட்டின் பலனைக் கொடு என்று கெஞ்சுகிறான். கைசிகப் பண்ணின் பலனைக் கொடுத்து அவன் சாபத்தைத் தீர்க்கிறார் நம்பாடுவான். முன்பிறவியில் யாகம் பிழைத்ததால் ராட்சசனாய் அலைந்தவன் அந்தணன், கரையேற்றியவர் பாணர். திருக்குறுங்குடியில் இந்தக் கதையைத் தேவதாசிகள் கோயிலிலேயே நாடகமாக நடித்துவந்தார்கள். அருகிப்போன அந்தக் கைசிக நாடகத்தைப் பேராசிரியர் சே. ராமானுஜம் போன்றவர்கள் மீட்டெடுத்தது நம் காலத்தின் நல்ல காரியங்களில் ஒன்று.

நம்பாடுவான் கோயிலுக்கு வெளியே நின்றுதான் பாடினார். கொடிமரம் பார்வையை மறைத்தது. அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று பெருமாள் கொடிமரத்தை ஒதுங்கச் சொன்னார், அது ஒதுங்கியது. திருக்குறுங்குடியில் அது சந்நிதிக்கு நேரே இல்லாமல் விலகி நிற்பதற்கு ஊரார் சொல்லும் காரணம் இதுதான். இந்தக் கதையை எத்தனையோ பேர் கண்ணீரோடு சொல்லக் கேட்டிருக்கிறேன்; எனக்கும் கண் கலங்கும். கூடவே ஒரு கேள்வியும் எழுந்துகொண்டே இருக்கிறது. கொடிமரத்தை நகர்த்தியவர், அவரை உள்ளே அழைத்திருக்கலாமே? திருப்பாணாழ்வாருக்குத் தோள் கொடுக்க ஆள் அனுப்பியவர்தானே? 365 வஸ்திரங்களையும் மடித்துக் கொடுக்கும் கைகளில் பாணரின் கைகளும் இருந்தால் அவருக்கு இன்னும் கொஞ்சம் கதகதப்பாக இருக்காதா? கைசிக இரவில் புராணம் படித்து முடித்த பிறகு, பட்டர்களும் கோஷ்டியாரும் ஊராரும் உட்கார்ந்து, பெருமாள் முன்னிலையிலேயே இதைப் பேச வேண்டும். ஓராண்டு உட்கார்ந்து ஈடு கேட்டவர் இதையும் கேட்பார்.